முதலில் கணக்கு, பிறகு கோடாலி

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் போனஸும் பேச வேண்டிய மேடையில் காட்டைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் முணுமுணுப்பது நம் காதில் விழாமல் இல்லை. காடு படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் தொழிலைக் கொண்டே பதில் சொல்லுவோம்.

ஒரு தோட்டத்தில் கிழட்டு மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்ய வேண்டுமானால் என்ன நடக்கிறது? கிராணி பதிவேட்டை எடுக்கிறார். எந்தத் தீம்பார், எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு நட்டது, நிற்கும் மரம் எத்தனை, பால் தருவது எத்தனை, பட்டை போனது எத்தனை என்று நிறை நிறையாகக் கணக்கு வருகிறது. அதன் பிறகுதான் மானேஜர் கையெழுத்து. கையெழுத்துக்குப் பிறகுதான் கோடாலி. லாபம் ஒன்றையே குறியாகக் கொண்ட முதலாளிகூட எண்ணாமல் வெட்டுவதில்லை. மக்கள் பிரதிநிதிகள் கூடிச் சட்டம் செய்யும் இடத்தில் இந்த வரிசை மாறலாமா என்பதுதான் நம் கேள்வி.

சிங்கப்பூரின் கதையை எடுத்துக்கொள்வோம். 1877-ல் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் இந்தத் தீவுக்கு வந்தன. 1888-ல் இங்கே பூமலைப் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். இன்று நம் கையில் இருக்கும் சீவுகத்தியின் பாட்டன் அந்த முறைதான். அதற்கு முன்பே காம்பீரும் மிளகும் பயிரிட்டவர்கள் பழங்காட்டைப் பெரும்பகுதி அழித்துவிட்டார்கள். எஞ்சிய நிலத்தில் ரப்பர் ஏறியது. பிறகு ரப்பரும் கைவிடப்பட்டது. கைவிட்ட தீம்பார்களில் மனிதர் யாரும் நடாமலே காடு திரும்பி வந்தது. கிளமெண்டி காடும் டோவர் காடும் அப்படி வந்தவைதாம். மங்கு கட்டிய மரத்தடியில் இன்று காட்டுச்செடி மண்டிக் கிடக்கிறது. நம் முன்னோரின் வியர்வை ஊறிய நிலம் இது என்று நாம் சொன்னால் அது வெறும் மேடைப்பேச்சு ஆகாது.

டோவர் காடு 33 ஹெக்டர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே ஆய்வு செய்வித்து, வீடு கட்டும் எண்ணத்தோடு 2020 இறுதியில் அறிக்கையை வெளியிட்டது. அறிக்கையைப் பார்த்தபோதுதான் அங்கே என்ன இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தது. வைக்கோல் நிறத் தலையுடைய புல்புல் பறவையும் அங்கே உண்டு. கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே சுமத்ராவிலும் ஜாவாவிலும் தீர்த்துவிட்ட பாடும் பறவை அது. 50,000 பேருக்கு மேல் காட்டைக் காக்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள். 2021 ஜூலையில் அரசு முடிவை மாற்றியது: கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதியைச் சுமார் பத்தாண்டுகளுக்குத் தொடுவதில்லை, அதில் 5 ஹெக்டர் அளவில் இயற்கைப் பூங்கா.

இதில் நமக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் கிழக்குப் பாதிக்காக நாம் அழப்போவதுமில்லை. தொழிலாளிக்கு வீடு வேண்டும். லயத்து வீட்டில் ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் நாம். வீட்டின் அருமை நமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீடு கட்ட நிலம் வேண்டுமென்றால் காடு ஒன்றுதான் கிடைத்ததா? கிராஞ்சியில் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபரோடு முடிந்தது. அங்கே சுமார் 120 ஹெக்டர் நிலம் அரசுக்குத் திரும்புகிறது, வீடுகளும் வரும். குழிப்பந்துத் திடல்களும் ஒவ்வொன்றாகக் குத்தகை முடிந்து திரும்புகின்றன. பணக்காரன் குதிரை ஓடிய மண்ணில் ஏழைக்கு வீடு எழுவதை நாம் இரு கை கூப்பி வரவேற்கிறோம்!

டோவரில் கணக்கு முதலில் வந்தது. அதே கிராஞ்சி வட்டாரத்தில், பழைய ரயில் பாதையை ஒட்டிய காட்டில் என்ன நடந்தது? 2021 பிப்ரவரியில் வானிலிருந்து எடுத்த படங்கள் வெளியாயின. பச்சையாக இருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. ஆய்வு முடிவதற்கு முன்பே சுமார் 4.5 ஹெக்டர் வெட்டப்பட்டுவிட்டது என்று ஜூரோங் நகராண்மைக் கழகமே ஒப்புக்கொண்டது. நாடாளுமன்றத்தில் விளக்கம் சொன்னார்கள். பின்னர் வழக்கும் வந்தது. வழக்கு வந்தால் மரம் எழுந்து நிற்குமா?

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மரங்களைச் சாய்த்த கை கூலிக்காரன் கை. மேலே இருப்பவர் வெட்டச் சொன்னார், வெட்டினான். ஞாயிற்றுக்கிழமை இதே சிராங்கூன் சாலையில் நம்மோடு தேநீர் குடிக்கும் ஊர்த் தம்பிகள் அப்படிப்பட்ட வேலைகளைச் செய்கிறார்கள். அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்க அவர்களுக்கு மொழியும் இல்லை, தைரியமும் இல்லை. கேட்டால் வேலை போகும்.

முன்காலத்தில் கணக்கெடுக்கும் வேலையை மக்களே செய்தார்கள். 1992-ல் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தருகே காட்டை அழித்துக் குழிப்பந்துத் திடல் போடத் திட்டம் வந்தது. இயற்கைச் சங்கத்தார் காட்டுக்குள் நடந்து, செடியையும் உயிரினத்தையும் எண்ணித் தாமே ஆய்வறிக்கை எழுதினார்கள், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், திட்டம் நின்றது. 2001-ல் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையை மண்ணிட்டு மூடவிருந்தபோதும் தொண்டர்கள் அலை வற்றிய நேரத்தில் இறங்கி எண்ணினார்கள். 2002 ஜனவரியில் அந்த வேலை ஒத்திவைக்கப்பட்டது. அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் விடுமுறை நாளில் தொண்டர் செய்கிற வேலையை நம்பி ஒரு நாடு இருக்க முடியாது. 2020-ல் அரசு ஆய்வு முறையைத் திருத்தி இறுக்கியது. அதை நாம் குறை சொல்லவில்லை. எனினும் அதைத் தனிச் சட்டமாக அப்போது இயற்றவில்லை. முறை என்பது அதிகாரி நினைத்தால் தளரும். சட்டத்தைத் தளர்த்த வேண்டுமானால் சபையில் எழுந்து நின்று பேசியாக வேண்டும்.

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று ஜொகூர் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மலேசியாவில் ஆய்வுக் கட்டளை 1987-லேயே வந்துவிட்டது. காடு வெட்டுவது நின்றபாடில்லை. அங்கே நிலமும் காடும் மாநிலத்தின் கையில். 2021-ல் சிலாங்கூர் அரசு கோலலங்காட் வடக்குக் காப்புக்காட்டில் 500 ஹெக்டருக்கு மேல் பட்டியலிலிருந்து நீக்கியது வெளிப்பட்டதும் கண்டனம் கிளம்பியது. செப்டம்பரில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். கேட்க ஆள் இருந்தால்தான் சட்டத்துக்குப் பல் முளைக்கும். கேட்கும் ஆளாகத் தொழிற்சங்கம் ஏன் இருக்கக்கூடாது?

ஆகவே சட்டமன்றத்தாரிடம் நாம் வைக்கும் கோரிக்கை இது. ஆய்வு முடிந்து, அறிக்கை வெளியாகி, மக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தந்த பின்பே மரத்தில் கத்தி படவேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். அறிக்கையின் சாரத்தைத் தமிழிலும் தாருங்கள். வெட்டும் இடத்தின் வாசலில் அனுமதிச் சீட்டை வேலையாட்களுக்குத் தெரிந்த மொழிகளில் ஒட்டுங்கள். சீட்டில்லாத இடத்தில் வெட்ட மறுக்கும் தொழிலாளியின் வேலைக்குச் சட்டமே காவல் நிற்கட்டும். இந்தக் கடைசி வாசகத்தை வேறு எவரும் கேட்கமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

சிங்கப்பூர் வாக்காளராக உள்ள தோழர்களே, உங்கள் தொகுதி உறுப்பினர் வாரந்தோறும் மக்களைச் சந்திக்கிறார். குடும்பக் கஷ்டத்துக்கு மட்டும்தான் அங்கே போகவேண்டும் என்பதில்லை. நாடாளுமன்றத்தில் தமிழில் பேச உரிமை உண்டு. இந்தக் கோரிக்கையைத் தமிழிலேயே பேசச் சொல்லுங்கள். ஜொகூர்த் தோழர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதே தாளைக் கொண்டு போகட்டும். பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கிருக்கும் கிராணிமார் வாசித்துச் சொல்வார்கள். கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.