வேகமான ரேம், மறக்காத ரேம்

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. வைகாசி முகூர்த்தம் நெருக்கிய ஒரு காலையில், ஆறு மணிக்கே போன் செய்தார். “அண்ணே, தாலி கட்டுற இடத்துல ஒரு பச்சைக் கோடு விழுது. கேமரா பதிவுல கோடு இல்ல. மறுபடி ரெண்டர் போட்டா வேற இடத்துல வருது” என்றார்.

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் முதலில் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு இருந்தன. 4கே வேலை குவிந்ததும் அதே கம்பெனியில் அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கி, நாலு ஸ்லாட்டையும் நிரப்பிவிட்டார். மொத்தம் 64 ஜிபி. வேகம், பெட்டியில் போட்டிருந்தபடி 6000. திரையில் எல்லாம் சரியாகத்தான் காட்டியது. ஆனால் அந்த ரேம், தன்னிடம் கொடுத்ததை அங்கங்கே மாற்றித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பச்சைக் கோடு எங்கிருந்து வந்தது, அது வராமல் ரேம் வாங்குவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டியதுதான், அதாவது ஓவர்கிளாக்தான் காரணம் என்றேன். “நான் எங்கே ஓவர்கிளாக் செய்தேன்? பெட்டியில் போட்ட வேகத்தில்தானே ஓடுகிறது?” என்று நண்பர் கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி இது. 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ரேமை வாங்கி அப்படியே சொருகினால், பெரும்பாலும் அது 4800 போன்ற ஒரு அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள் போய், இன்டெல் வழியில் எக்ஸ்எம்பி என்றோ ஏஎம்டி வழியில் எக்ஸ்போ என்றோ இருப்பதை இயக்கினால்தான் 6000 வரும். அதை இயக்கிய நிமிடமே நாம் ஓவர்கிளாக் செய்துவிட்டோம். அந்த எண்ணுக்கு உத்தரவாதம் தருவது ரேம் கம்பெனி மட்டுமே. உங்கள் ப்ராசசரும் மதர்போர்டும் அதில் கையெழுத்துப் போடவில்லை.

ரேமுக்குள் நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். 1966-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ராபர்ட் டெனார்ட் என்ற பொறியாளர் கண்ட வழிதான் இன்றும் நடக்கிறது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். சிக்கல் என்னவென்றால் அது ஓட்டைக் குடம். ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும். வற்றுவதற்குள் மறுபடி நிரப்ப வேண்டும். டிடிஆர்4 ரேமில் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குப் பதினைந்து தடவை, எல்லாக் குடங்களையும் நிரப்பி வருகிறார்கள். சூடு ஏறினால் கசிவு கூடும். அதனால் 85 டிகிரியைத் தாண்டினால் இரட்டை வேகத்தில் நிரப்பச் சொல்கிறது விதி. இப்படிப்பட்ட குடங்கள் ஒரு ஸ்டிக்கில் கோடிக் கோடியாக இருக்கின்றன. கொள்ளளவு கூடக் கூடக் குடங்களும் கூடுகின்றன. வேகம் கூடக் கூட வழியில் வரும் ஒவ்வொரு பிட்டின் சிக்னலையும் பிரித்துப் படிக்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. அதிகக் கொள்ளளவும் அதிக வேகமும் ஒன்றையொன்று பின்னுக்கு இழுப்பது இதனால்தான்.

அடுத்தது நாலு ஸ்டிக் விவகாரம். நாலு ஸ்லாட் இருந்தாலும், சாதாரண டெஸ்க்டாப்பில் ப்ராசசரிலிருந்து ரேமுக்குப் போகும் பாதை இரண்டுதான். ஒவ்வொரு பாதையிலும் இரண்டு ஸ்லாட் தொங்குகிறது. ஒன்றில் மட்டும் ரேம் இருந்தால் சிக்னல் சுத்தமாகப் போய் வரும். இரண்டிலும் இருந்தால் சுமையும் கூடும், எதிரொலியும் கூடும். ஏஎம்டி தன் ரைசன் 7000 வரிசைக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லும் கணக்கைக் கேளுங்கள். இரண்டு ஸ்டிக் போட்டால் வேகம் 5200. நாலு போட்டால் 3600. என் நண்பர் நாலு போட்டு 6000 கேட்டிருக்கிறார்.

அதோடு அவர் வாங்கியது இரண்டு தனித்தனி ஜோடி. மாட்டுச் சந்தையில் வண்டி மாடு வாங்குகிறவர் நுகத்தடியில் பூட்டி, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். ரேம் கம்பெனியும் ஒரே பெட்டியில் வரும் ஸ்டிக்குகளைச் சேர்த்து ஓட்டிப் பார்த்துத்தான் அந்த வேகத்தை அச்சிடுகிறது. ஆறு மாதம் கழித்து அதே பெயரில் வாங்கும் இன்னொரு பெட்டிக்குள் வேறு சிப் இருக்கலாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் நடை ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே முதல் விதி: எவ்வளவு ரேம் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, அதை ஒரே பெட்டியில் இரண்டு பெரிய ஸ்டிக்குகளாக வாங்குங்கள். “இப்போது பாதி, பிறகு பாதி” என்ற சிக்கனம் இங்கே செல்லாது. விளையாட்டுக்கு 32 ஜிபி தாராளம். 4கே எடிட்டிங்குக்கு 64. அதற்கு மேல் தேவைப்படுவோருக்கு 96 என்று ஒரு கணக்கு இருக்கிறது. கடையில் 48 ஜிபி ஸ்டிக் என்றால் சிலர் தவறாக அச்சிட்டதோ என்று நினைப்பார்கள். அது சரியான எண்தான். 16 கிகாபிட் சிப் ஒன்று 2 ஜிபி பிடிக்கும். பக்கத்துக்கு எட்டு, இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப், ஆக 32 ஜிபி. 2023-இல் கடைகளுக்கு வந்த 24 கிகாபிட் சிப் ஒன்று 3 ஜிபி பிடிக்கும். பதினாறு மூன்று நாற்பத்தெட்டு. இரண்டு ஸ்டிக்கிலேயே 96 ஜிபி வந்துவிடுகிறது, இரண்டு ஸ்லாட் காலியாகவே இருக்கும்.

இரண்டாவது, வேகத்தைப் படிக்கும் விதம். பெரிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் சிஎல் என்று ஒரு எண் இருக்கும். கேட்டதும் எத்தனை துடிப்பு கழித்துப் பதில் வருகிறது என்பது அது. ஒரு சின்னக் கணக்கு, பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால், காத்திருக்கும் நேரம் நானோசெகண்டில் கிடைக்கும். 6000 வேகம், சிஎல் 30 என்றால் 10 நானோசெகண்ட். அதே 6000, சிஎல் 40 என்றால் 13-க்கும் மேல். பழைய டிடிஆர்4-இல் 3200, சிஎல் 16 போட்டுப் பாருங்கள், அதுவும் 10தான். டிடிஆர்5 ஒரே மூச்சில் அதிகம் அள்ளித் தரும், உண்மை. ஆனால் முதல் சொட்டு வரும் நேரம் தலைமுறை மாறியும் அதிகம் மாறவில்லை. எனவே பெரிய எண்ணுக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்கும் முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மதர்போர்டு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று பார்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றுக்கு மற்றொன்று சேராது. மதர்போர்டு கம்பெனிகள், தாங்கள் ஓட்டிப் பார்த்த ரேம்களின் பட்டியலை இணையதளத்தில் வைத்திருக்கின்றன, அதில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஏர் கூலர் வைத்திருந்தால், ரேமின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டு ஸ்டிக் என்றால், ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுவதுதான் பெரும்பாலான போர்டுகளில் முறை. டிடிஆர்5 பெரிய ஸ்டிக் போட்டு முதல்முறை ஆன் செய்தால் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமோடு ப்ராசசர் பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்துபோய் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். பயாஸைப் புதுப்பித்துக்கொள்வதும் அவசியம். 2023-இல் சில ரைசன் 7000 ப்ராசசர்கள் கருகின. அதன் பிறகு ஏஎம்டி, ப்ராசசருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி பயாஸ் வழியாகவே பூட்டுப் போட்டது.

கடைசியாக, எது விடுபட்டாலும் இது விடுபடக் கூடாது: சோதனை. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்து தொடங்கி, ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று வந்தாலும் தோல்விதான். “டிடிஆர்5-க்குள்ளேயே பிழைதிருத்தி இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, ஆனால் சிப்புக்குள் நடக்கும் பிழைக்கு மட்டும். சிப்பிலிருந்து ப்ராசசருக்கு வரும் வழியில் நடப்பது அதன் கணக்கில் வராது. பிழை வந்தால் வேகத்தை 200, 400 குறைத்து மறுபடி ஓட்டுங்கள். ஹேங் ஆகிற கம்ப்யூட்டர் தன் நோயைச் சொல்லிவிடுகிறது. சத்தம் போடாமல் தப்பெழுதுகிற கம்ப்யூட்டர்தான் ஆபத்து. அந்தத் தப்பு உங்கள் கோப்பில் சேமிக்கப்பட்டுவிடும், நீங்கள் எடுத்து வைக்கும் நகலிலும் ஏறிவிடும்.

என் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய நாலையும் கழற்றினோம். ஒரு ஜோடி அவர் மகனின் கம்ப்யூட்டருக்குப் போனது. 48 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஒரே பெட்டியில் வாங்கி, பெட்டியில் போட்ட 6000-ஐ விட்டு 5600-இல் நிறுத்தினோம். ஒரு ராத்திரி சோதனை, பிழை பூஜ்யம். முன்பைவிட ரெண்டர் முடிய இரண்டு நிமிடம் அதிகம் ஆகிறது என்று முதலில் முணுமுணுத்தார். பிறகு அந்தக் கல்யாணத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். கெட்டிமேளம், அட்சதை, மூன்று முடிச்சு. மஞ்சள் கயிறு மஞ்சளாகவே இருந்தது.