நம் கம்ப்யூட்டர் யாருக்கு வேலை செய்கின்றது?



நான் கம்ப்யூட்டர் தொழில் படித்தவனல்ல. ஆனால் சந்தையில் மண்சட்டி வாங்குகின்றவன் அதைச் சுண்டிப் பார்த்து வாங்குவதற்குத் தொழிற்படிப்பு வேண்டியதில்லை. சட்டிக்கே இவ்வளவு ஜாக்கிரதை உள்ள நாம், நம்முடைய கடிதம், படம், கணக்கு, போய்வந்த இடம் ஆகிய எல்லாவற்றையும் ஒப்படைக்கின்ற மென்பொருளை மாத்திரம் ஏன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கின்றேன்.

"இலவசந்தானே" என்பீர்கள். அமெரிக்காவில் ஒரு டார்ச் செயலி இருந்தது. கைப்பேசி விளக்கை எரிப்பதுதான் அதன் வேலை. கோடிக்கணக்கான பேர் ஏற்றிக்கொண்டார்கள். அது, ஆள் இருக்கும் இடத்தையும் கைப்பேசியின் அடையாள எண்ணையும் விளம்பரக்காரர்களுக்கு அனுப்பி வந்ததென்று 2013-ல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், "சம்மதமா, இல்லையா?" என்று திரையில் மரியாதையாய்க் கேள்வியும் கேட்டது, நீங்கள் விரலை வைக்குமுன்பே அனுப்பவும் தொடங்கிவிட்டது!

சரி, அது சிறிய கம்பெனி. பெரிய கம்பெனியின் யோக்கியதையைப் பார்ப்போம். கூகுள் குரோமில் "இன்காக்னிட்டோ" என்று ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாதென்று படித்தவர்களே நம்புகின்றார்கள். அது மறைப்பதெல்லாம் அதே கம்ப்யூட்டரில் பின்னால் வந்து உட்காருகின்றவரிடமிருந்துதான். இதன்பேரில் 2020-ல் வழக்குத் தொடரப்பட்டு, 2024-ல் ஏற்பட்ட சமரசத்தில் கோடிக்கணக்கான பதிவுகளை அழித்துவிடக் கூகுள் ஒப்புக்கொண்டது. அழிக்கச் சம்மதித்தால், அதுவரை வைத்திருந்தார்கள் என்பதுதானே அர்த்தம்?

ஆதலால், உள்ளே எழுதியிருப்பதை வெளியே காட்டுகின்ற மென்பொருளைத் தேடுங்கள். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், சிக்னல் இவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம். "எங்களுக்குப் படிக்கத் தெரியாதே" என்கின்றீர்கள். சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைச் சுவரில் ஒட்டினால் எல்லோருமா கூட்டிப் பார்க்கின்றோம்? நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயம் எழுதுகின்றவனுக்கு இருந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் இதையும் கும்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற திறந்த நிரலில் 2012-ல் புகுந்த "ஹார்ட்பிளீட்" என்னும் ஓட்டை 2014 வரை கவனிப்பாரற்றுக் கிடந்தது.

நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள இடமிருக்கின்றதா என்பதும் முக்கியம். விளம்பரத்தையும் வேவையும் தடுக்கும் "யூபிளாக் ஆரிஜின்" என்ற நீட்சியைக் குரோம் 2024 முதல் நிறுத்தத் தொடங்கிற்று. ஃபயர்பாக்ஸில் இன்றும் போடலாம். ஃபயர்பாக்ஸும் உத்தமனல்ல. கூகுளிடம் பணம் பெற்றுக்கொண்டு கூகுள் தேடலையே முன்வைத்துத் தருகின்றது. ஆனால் அமைப்புக்குள் போய் நாமே வேறு தேடலை வைத்துக்கொள்ள விடுகின்றது.

இன்றிரவு வீட்டிற்குப் போனதும் கைப்பேசியில் எந்தச் செயலிக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கின்றீர்கள் என்று பாருங்கள். கால்குலேட்டர் உங்கள் இருப்பிடத்தைக் கேட்டிருந்தால் அனுமதியை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் அது கூட்டிக் கழிக்கத்தான் போகின்றது.