கூற்று ஏற்கும் அவையும் புதிய புலவரும்

(காரவள்ளியில் நிகழ்ந்த பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பலர் கூடி ஒரு கதையை எழுதும் முறை இன்று உலக மொழிகள் பலவற்றிலும் பரவியுள்ளது. ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்றுக்கொண்டு அம்மாந்தரின் வாய்மொழியாகவே எழுதுவர். ஒருவர் தாயாக நின்று உரைத்ததற்கு மற்றொருவர் மகளாக நின்று மறுமொழி தருவார். கதை எங்குச் சென்று சேரும் என்பது எவர் ஒருவர் கையிலும் இல்லை. இத்தகைய குழுவில் சேர விழைவோர் விண்ணப்பம் தருதல் வழக்கம். அவ்விண்ணப்பம் எதைக் கேட்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

பெயர், கல்வித் தகுதி, வெளிவந்த நூல்கள், பெற்ற பரிசுகள் என்பனவே பொதுவாகக் கேட்கப்படுகின்றன. மேடையில் பொன்னாடை போர்த்தும்போது இவை பயன்படும். ஒருவர் தம்மை மறைத்துப் பிறிதொரு குரலில் நிற்க வல்லரா என்பதை இவற்றுள் எதுவும் காட்டாது.

தமிழில் இம்முறை புதிதன்று. ஐங்குறுநூற்றை இந்நோக்கில் காண்க. மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார் என ஐவருக்கும் ஆளுக்கொரு திணை. திணைக்கு நூறு பாடல். நூறும் பப்பத்தாகப் பகுக்கப்பட்டன. பாடல்கள் மூன்றடி முதல் ஆறடி வரையுள் அடங்கின. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தலைப்புகளே குரல்களைப் பிரித்துக் காட்டுகின்றன. தாய்க்குரைத்த பத்து, தோழிக்குரைத்த பத்து, கிழவற்குரைத்த பத்து, பாணற்குரைத்த பத்து என நெய்தலில் வருவனவற்றை நோக்குக. யாரிடம் சொல்லப்படுகிறது என்பதே அங்குத் தலைப்பாகிவிடுகிறது. முல்லையில் பேயனார் செவிலியாகிப் பத்துப் பாடல் பாடுகிறார். மகளின் மனையறத்தைக் கண்டு வந்த முதியவளின் நிறைவு அதில் உள்ளதேயன்றிப் பேயனார் என்னும் தனியாளின் சுவடு சிறிதும் இல்லை. கிழவற்குரைத்த பத்தின் ஈற்றில் 129, 130 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. பிறர் குரலில் புகுந்து அவ்விடத்தை இட்டு நிரப்பாமல் வெற்றிடமாகவே விட்ட பதிப்பாளரின் அடக்கமும் இங்குக் கருதத்தக்கது.

குரல் ஏற்றலுக்கு வரம்பும் இருந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் கூற்றும் கேட்போரும் அடங்கும். களவில் பேசுவோர் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, கிழவன், கிழத்தி என்னும் அறுவர். கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரும் சேர்வர். ஊரார், அயலார், சேரியோர் முதலியோருக்கு நேர்க்கூற்று இல்லை. தலைவியின் தந்தைக்கும் தமையனுக்கும்கூட இல்லை! அவர்கள் சொன்னதாகப் பிறர்தாம் எடுத்து மொழிவர். வீட்டில் மிகுந்த அதிகாரம் உடைய இருவரைக் கவிதையில் பேசவிடாமல் வைத்த அவ்விதி எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. கூட்டாக எழுதும் குழுவில் எல்லாக் குரலையும் தாமே பேச முனையும் ஒருவர் இருப்பின், ஏனையோருக்கு அங்கு வேலை இல்லாமற்போகும். எந்தக் குரலைத் தாம் ஏற்கப்போவதில்லை என்பதையும் புதியவர் சொல்லவேண்டும் எனக் கேட்பது தகும்.

இரட்டைப் புலவர் மரபை இவ்வட்டத்தார் அறிவர். ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பது அவர்கள் முறை. சப்பானில் தொடர்பா என்னும் கலை இதனினும் விரிந்தது. 1488ஆம் ஆண்டில் மினாசே என்னுமிடத்தில் சோகி முதலிய மூவர் கூடி நூறு கண்ணிகள் பாடினர். அம்மரபில் விருந்தினர் முதற்கண்ணி பாட, வீட்டுக்குரியவர் இரண்டாவதைப் பாடுதல் வழக்கு. புதிதாக வந்தவருக்கே தொடக்கம் தரப்படுகிறது. அதனை ஏற்று விடை பகர்வது இருப்பவர் கடமையாகிறது. நம்மிடையே புதியவரைக் கடைசி வரிசையில் ஓராண்டு அமர்த்தி வைக்கும் பழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

இனி, இம்மலைக்கே உரிய சான்று ஒன்று உண்டு. காரவள்ளியில் தொடங்கும் பாதை எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சேரும் கொல்லிமலை வல்வில் ஓரிக்கு உரியது. பின்னர்க் காரி ஓரியைக் கொன்று இதனைச் சேரருக்கு ஈந்தான் என்பது அகநானூற்றுச் செய்தி. அச்சேரர் குடியினன் ஒருவனே ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தான் என்பது இனியதொரு பொருத்தம்.

புறநானூற்று 152ஆம் பாடலில் வன்பரணர் தம் பெயரால் பேசவில்லை. இசைவாணர் கூட்டம் ஒன்றின் தலைவனாகி, விறலியரோடும் கருவிகளோடும் காட்டுவழியே வருகிறார். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்திய வேட்டுவன் ஒருவன் எதிர்ப்படுகிறான். மார்பில் ஆரம் உண்டு. பொருளுக்காக வேட்டையாடுவோனாகத் தோன்றவில்லை. இவன் ஓரியோ, அல்லனோ என்ற ஐயம் எழுகிறது. ஐயம் தீரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. முழவைப் பூசச் சொல்லி, யாழில் பண் நிறுத்தி, தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் ஒலிக்கச் செய்து, இருபத்தொரு துறையும் முறையாகப் பாடி முடிக்கின்றனர். ‘கோ’ என்று விளித்தபோது அது தன்னைக் குறித்தமையால் அவன் நாணுகிறான். நாடெங்கும் திரிந்து வருவதாகவும் அவனை ஒத்த வேட்டுவர் இல்லையெனவும் அவர்கள் சொல்லத் தொடங்கிய பின் மேலும் பேச விடாமல், மானின் நிணப் புழுக்கலும் மதுவும், தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் தருகிறான்.

குழுவில் சேர விழைவோரின் விண்ணப்பம் இப்பாடலைப் போன்று இருத்தல் நன்று. வந்தோர் தம் சிறப்பை எடுத்துரைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கருவியை ஏற்று, துறை வழுவாது பாடிக்காட்டினர். கேட்போன் நாணவும் கொடுக்கவும் இடம் விட்டனர். எனவே வட்டம் கேட்கத்தக்கது இது: ஆறடிக்கு மேற்படாத பத்துப் பாடல்கள், பத்தும் ஒரே குரலில், யாரை நோக்கியவை என்ற குறிப்பு, வட்டத்தார் ஒருவர் மறுமொழி எழுதத்தக்க இடம். எழுதியவர் பெயர் தனி உறையில் இருக்கட்டும். செம்புலப்பெயல்நீரார் தம் இயற்பெயரை இழந்தும் தம் உவமையால் வாழ்கிறார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குறவராகவும் கொடிச்சியராகவும் குரல் ஏற்போர் பெரும்பாலும் சமவெளியார். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைவித்து வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழே பேசுகின்றனர். அவர்கள் குரலை ஏற்று எழுதிய பாடலைக் கேட்டுச் சரியெனவோ பிழையெனவோ சொல்ல அவர்கள் அவையில் இல்லையெனின், கூற்று உண்டு, கேட்போர் இல்லை. வன்பரணரின் பாட்டில் பாடிவந்தோர் புறத்தார்; இருந்து கேட்டவன் மலைக்குரியவன். விண்ணப்பங்களைப் படித்துத் தேரும் குழுவில் மலைமேல் வாழ்வோர் இருவரேனும் இவ்வாண்டே அமரவேண்டும். அவர்களைக் கண்டு அழைக்க, எழுபது வளைவும் ஏறிச் செல்ல வேண்டியவர்கள் வட்டத்தார்தாம்.