பிள்ளைக்கு ஒரு துணை



1841 டிசம்பர் 8 அன்று தூரின் நகரில், கோவில்பிள்ளை அடித்து விரட்டிய ஓர் அநாதைச் சிறுவனைத் தொன் போஸ்கோ அடிகளார் திரும்ப அழைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதென்று நாணி நின்றவனிடம், சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். சிறுவன் சிரித்தான். அவருடைய இளைஞர் பணி அங்கே பிறந்தது.

நம் பாப்பாரப்பட்டியிலும் பெற்றோர் பெங்களூருக்குப் பிழைக்கப் போக, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் உண்டு. படிப்பு நின்றால் பையன் கூலி வேலைக்கும், பெண் 18 வயதுக்கு முன்பே மணவறைக்கும் போய்விடுவார்கள். புத்தி சொல்வோர் பலர். காது கொடுப்போரைக் காணோம்.

ஆகவே, வீட்டார் சம்மதத்துடன், ஒரு பிள்ளைக்கு ஒருவராக, வாரம் ஒரு மணி நேரம், ஓராண்டு துணை நிற்போம். நடுவில் கைவிடுவதானால் தொடங்கவே வேண்டாம். ஏற்கெனவே விடப்பட்ட பிள்ளை அது. ஆபத்தென்று கண்டால் 1098-ஐ அழைப்போம். முதல் நாள் அறிவுரை வேண்டாம். சீழ்க்கையைப் பற்றிக் கேட்போம்.