உடையும் மதிப்பும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

உடையைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். இது பெரிய தத்துவம் அன்று. நாள்தோறும் காலையில் பீரோவைத் திறக்கும்போது நம் முன் வந்து நிற்கும் கேள்வியேயாகும். சொந்த ஊரிலே வாழ்பவர்க்கு இது சிறு கேள்வி. அவர் இன்னார் மகன், இன்ன தெருவினர் என்பதை ஊரே அறியும். பிழைப்பு நாடித் தலைநகர் தில்லிக்கு வந்து, மொழியும் வழக்கமும் வேறான மக்களிடையே பணியாற்றும் நமக்கோ இது பெருங்கேள்வி. நாம் வாய் திறந்து ஒரு சொல் சொல்லுமுன்னரே நம் உடை நம்மைப் பற்றி நாலு சொல் சொல்லிவிடுகிறது. அந்த நாலு சொல்லும் நல்ல சொல்லாக இருக்க வேண்டாமா?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் பழமொழி. பாற்கடல் கடைந்த கதையை வேடிக்கையாகச் சொல்வாரும் உண்டு. பட்டாடை உடுத்தி வந்த திருமாலுக்குத் தன் மகள் திருமகளையே மணமுடித்துக் கொடுத்த பாற்கடல், தோலை உடுத்தி நின்ற சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்ததாம்! கடலே உடை பார்த்துக் கொடுத்ததென்றால், நேர்முகத் தேர்வுக் குழுவினர் உடை பார்ப்பதில் வியப்பென்ன?

ஆனால் அதே தமிழ் மரபு வேறொன்றையும் சொல்லியிருக்கிறது. புறநானூற்றில் நக்கீரனார் பாடிய பாட்டொன்று உண்டு. உலகத்தை ஒரு குடைக்கீழ் ஆளும் மன்னனாயினும், இரவும் பகலும் உறங்காது விலங்கின் பின் திரியும் வேட்டுவனாயினும், இருவர்க்கும் வேண்டிய உடை ஒன்றுபோன்றதே என்கிறார் அப்புலவர். ஆதலால் மிகுதியாகப் பெற்றவன் செய்யத்தக்கது பிறர்க்கு வழங்குவதே என்று முடிக்கிறார். பழமொழி உலகத்தின் போக்கைச் சொல்கிறது. புலவர் பாட்டு மனிதனின் கடமையைச் சொல்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் உலகத்தின் போக்கைப் பார்ப்போம். தொழிலுக்கென ஓர் உடை எதற்கு? வழக்கறிஞரின் கறுப்புக் கோட்டையும் வெள்ளைக் கழுத்துப் பட்டையையும் பாருங்கள். நீதிமன்ற வளாகத்தில் திகைத்து நிற்கும் ஒரு கிராமத்து மூதாட்டி, யாரிடம் வழி கேட்பது என்பதை அந்தக் கோட்டைப் பார்த்தே அறிந்துகொள்கிறாள். மருத்துவமனையில் செவிலியின் சீருடையும், தெருமுனையில் காவலரின் காக்கியும் அத்தகையனவே. "இங்கே நிற்பது ஒரு தனி மனிதர் அல்லர், ஒரு பொறுப்பு" என்று அவ்வுடை அறிவிக்கிறது. ஆகவே தொழில் உடை முதலில் பிறர் வசதிக்காக ஏற்பட்டது. நம் பெருமை அதன் பின்னரே வந்தது. இதை மறந்தவன் உடுத்தும் கோட்டு வெறும் மிடுக்காகிவிடும்.

அவ்வுடையிலும் அறிவோடு கூடிய நெகிழ்ச்சி உண்டு. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள், உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் அல்லாத பிற நீதிமன்றங்களில் கோடைக் காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்கின்றன. கால்சட்டைக்குப் பதிலாக வேட்டி உடுத்தவும் அவ்விதிகள் ஆண் வழக்கறிஞர்க்கு இடம் தருகின்றன. தட்பவெப்பத்துக்கும் நாட்டு வழக்கத்துக்கும் இடம் கொடுப்பதால் நீதிமன்றத்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இனி, தமிழ்நாட்டைவிட்டு வெளியே சென்று மதிப்புப் பெற்ற சிலரை எண்ணிப் பார்ப்போம். கணித மேதை இராமானுசன் 1914ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் குடுமியை நீக்கி மேனாட்டு உடைக்கு மாறினார். சர் சி. வி. இராமனோ 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்று, 1917இல் அங்கேயே பேராசிரியராகி, 1930இல் சுவீடன் நாட்டுத் தலைநகரில் நோபல் பரிசு பெற்ற காலத்திலும் தம் தலைப்பாகையை விடவில்லை. கோட்டுக்கு மேல் தலைப்பாகை விளங்கிய அவருடைய தோற்றமே அவர்க்கு அடையாளமாயிற்று. ஒருவர் மாறினார், ஒருவர் பாதி மாறிப் பாதி மாறாதிருந்தார். இருவரில் யார் மதிப்புக் குறைந்தவர்? ஒருவரும் இல்லை. 1913இல் பேராசிரியர் ஆர்டியின் கைக்கு முதலில் எட்டியது இராமானுசனின் கடிதமே. அவர் உடை எத்தகையது என்பதை ஆர்டி அப்போது அறியார். கடிதத்திலிருந்த கணக்கே அவரை அழைத்துக்கொண்டது.

அரசியல் உலகிலும் இவ்வாறே. இராசாசி 1948 முதல் 1950 வரை இந்நாட்டின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தபோது வேட்டியைக் கைவிடவில்லை. காமராசர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதலமைச்சராகவும், பின்னர்க் காங்கிரசுத் தலைவராகவும் விளங்கியபோது, கதர்ச் சட்டையும் வேட்டியும் துண்டுமாகவே இத்தில்லியில் நடமாடினார். மறுபுறம் அண்ணல் அம்பேத்கரை நினையுங்கள். பள்ளியிலே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரவிடாமல் ஒதுக்கப்பட்ட அவர், கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து நிமிர்ந்து நின்றார். "உங்களுக்கு இன்ன உடைதான்" என்று பிறப்பைக் காட்டி விதித்தவர்களுக்கு அவ்வுடையே விடையாக நின்றது. எளிய வேட்டியும் மதிப்புத் தந்தது. நேர்த்தியான கோட்டும் மதிப்புத் தந்தது. ஆகவே மதிப்பு துணியின் வகையில் இல்லை. அதை உடுத்தியவர் தாமே தேர்ந்து, தயக்கமின்றி உடுத்தினார் என்பதில் இருக்கிறது.

இதன் மறுபக்கம் துயரமானது. பிறர் உடையை நாம் கட்டளையிடத் தொடங்கும்போது அதிகாரம் கொடுமையாகிறது. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் அரசரின் அறிவிப்பு வெளிவந்த பிறகே அவ்வுரிமை சட்டத்தில் இடம்பெற்றது. ஒரு முழத் துணிக்கு எத்துணைக் கண்ணீர்!

இவ்விடத்தில் காந்தியடிகள் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். அவர் 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற புதிதில், டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு நடுவர் பணித்தார். காந்தியடிகள் கழற்றவில்லை, மன்றத்தைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டில் ஒரு தமிழ்க் கூலித் தொழிலாளி அவரிடம் வந்தார். பாலசுந்தரம் என்பது அவர் பெயர். கிழிந்த உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து குருதி வழிகிறது. முதலாளி அடித்த அடி அது. அந்நிலையிலும் அவர் தம் தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளையர் முன் செல்லும் ஒப்பந்தக் கூலி தலைத்துணியைக் கழற்ற வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். அவ்வழக்கத்தையே அவர் ஓர் இந்தியர் முன்னும் கடைப்பிடித்தார்.

காந்தியடிகள் அத்துணியை மீண்டும் தலையிலே கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கினார், பின்பு கட்டிக்கொண்டார், அவர் முகம் மலர்ந்தது. அதன்பின் அடிகள் அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்று பெற்றார். நடுவரிடம் அழைத்துச் சென்றார். இறுதியில் வேறொரு முதலாளியிடம் அவரை மாற்றிவிட்டார். பாரிஸ்டர் என்னும் பட்டமும் அதற்குரிய கோட்டும் அடிகளுக்கு அந்நாட்டில் ஓரளவு மதிப்பைத் தந்திருந்தன. அந்த மதிப்பை அவர் யாருக்காகச் செலவிட்டார் என்று பாருங்கள்! பெயரும் ஊரும் அறியாத ஒரு தமிழ்த் தொழிலாளிக்காகச் செலவிட்டார்.

அதே காந்தியடிகள் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், நம் மதுரை மாநகரிலே, சட்டையைத் துறந்து அரையாடை பூண்டார். புதிய கதர் வாங்க ஏழைகளிடம் பொருளில்லை என்பதைக் கண்டே அவ்வாறு செய்தார். பத்தாண்டு கழித்து, 1931இல், அதே உடையில் இலண்டன் அரண்மனைக்குச் சென்று மன்னரைக் கண்டார். அரண்மனை வாயில் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் விடுதலை பெற்று அறுபத்தாறு ஆண்டுகள் சென்றபின், 2014ஆம் ஆண்டு சூலையில், சென்னையில் ஒரு மன்றத்தின் வாயில், வேட்டி உடுத்திச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைத் தடுத்தது! அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய தடைகளை நீக்கச் சட்டம் இயற்றியது. நீதிமன்றம் ஏற்கும் உடையை ஒரு பொழுதுபோக்கு மன்றம் ஏற்க மறுத்தது என்பதை எண்ணினால் நகைப்பும் வருகிறது, நாணமும் வருகிறது.

இனி நம் அன்றாட வாழ்வுக்குச் சில சொல்வோம்.

முதலாவது, தூய்மை. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றனர் முன்னோர். விலையுயர்ந்த சட்டையின் அழுக்குக் கழுத்துப் பட்டையைவிட, பழைய சட்டையின் வெளுத்த பட்டை நன்று. பொத்தான் ஒன்று இல்லாத கோட்டு, "இவர் சிறு வேலைகளைக் கவனியார்" என்று நமக்கெதிராகச் சாட்சி சொல்லும்.

இரண்டாவது, பொருத்தம். இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்த உடுத்த வேண்டும். தில்லியின் தைக் குளிரில் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குச் செல்வது நாட்டுப்பற்று ஆகாது. சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் வியர்ப்பது நாகரிகமும் ஆகாது. நம் வேட்டியும் புடவையும் இழிந்தவை என்று எண்ணி மறைப்பது தவறு. வேறு உடை அணிந்தவன் தமிழன் அல்லன் என்று இகழ்வதும் தவறு.

மூன்றாவது, அளவு. பிள்ளையின் முதல் வேலைக்காகக் கடன் வாங்கிக் கோட்டுத் தைக்கும் பெற்றோர் உண்டு. கடன்பட்டு வாங்கிய மதிப்பு முதல் தவணைவரைகூட நிற்காது. நல்ல இரண்டு சட்டைகளும், மெருகேற்றிய ஒரு சோடிக் காலணியும், குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகச் செல்லும் பழக்கமும் போதும்.

நான்காவது, மகளிர் உடை. ஆடவர் உடையைப் பற்றி ஒரு சொல்லும், மகளிர் உடையைப் பற்றி ஒன்பது சொல்லும் சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது, புடவை உடுத்திப் பூச்சூடிய இஸ்ரோ மகளிர் மகிழ்ந்து நின்ற படம் உலகெங்கும் பரவியது. புடவையும் விண்வெளி ஆய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அப்படம் காட்டியது. அதற்காகச் சல்வாரோ கால்சட்டையோ அணியும் நம் பெண்மக்கள் குறைந்தவர் ஆகார். தம் வேலைக்கு ஏற்றது எது என்பதை வேலை செய்பவரே அறிவார்.

ஐந்தாவது, உடைக்குப் பின்னால் இருக்க வேண்டியது. உடை நமக்கு வாயிலைத் திறந்துவிடும். நாற்காலியில் நிலைத்திருக்கச் செய்யாது. அதற்குத் தொழிலறிவு வேண்டும். சொன்ன சொல் காக்கும் நாணயம் வேண்டும். கீழ்ப்பணியாளரிடம் இன்சொல் வேண்டும்.

இவை அனைத்தும் நம் உடைக்கு நாமே விதிக்கும் சட்டங்கள். நம் உடைக்குச் சட்டம் கடுமையாக இருக்கட்டும். பிறர் உடைக்கோ சட்டமே வேண்டாம்.

ஏன் இதை வற்புறுத்துகிறோம்? இத்தலைநகரில் தமிழர் எல்லோரும் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்பவர் அல்லர். வீட்டு வேலை செய்தும், சுமை தூக்கியும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி முகாம் 2025ஆம் ஆண்டு சூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்களிற் சிலர்க்கு நரேலாவில் வீடு ஒதுக்கினர். பலர்க்கு அதுவும் இல்லை. அத்தகையோர் குடும்ப அட்டையையும் வாடகைச் சீட்டையும் ஒரு பையிலிட்டுக்கொண்டு அலுவலக வாயில்களில் நிற்கும்போது, காவலாளி முதலில் பார்ப்பது அவர்கள் உடையை. அடுத்துக் கேட்பது அவர்கள் இந்தியை. கழுத்துப் பட்டியும் அடையாள அட்டையும் அணிந்த ஒரு தமிழர் அவர்கள் பக்கத்தில் நின்று, "இவர் என்னோடு வந்தவர்" என்று சொன்னால், அந்த வாயில் திறக்கிறது. விண்ணப்பத்தின் கதி எப்படியோ. கேட்கப்படாமலே திரும்பும் இழிவு நீங்குகிறது.

பாலசுந்தரத்தின் பக்கத்தில் அன்று ஒரு பாரிஸ்டர் நின்றார். இன்று நம்மில் எத்தனை வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், அதிகாரிகள்! மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகலை இதற்கென ஒதுக்க நம் சங்கம் முடிவு செய்யலாமே! விண்ணப்பம் எழுதித் தரவும், உடன் செல்லவும் பத்துப் பேர் முன்வந்தால் போதும்.

மற்றொன்று. அடுத்த பொங்கல் விழாவுக்கு அக்குடும்பங்களை அழைப்போம். "நல்ல புடவை இல்லை, எப்படி வருவது?" என்று தயங்கும் தாய்மார் இருப்பார்கள். வாயிலில் நிற்கும் நம் தொண்டர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்து, "வாருங்கள் அம்மா" என்று முன் வரிசைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சட்டமன்றம் இயற்றிய சட்டம் பிற மன்றங்களின் வாயிலைத் திறக்கும். நம் மன்றத்தின் வாயிலை நாம்தாம் திறக்க வேண்டும்.

நன்றாக உடுத்துங்கள், நிமிர்ந்து நடங்கள், அவ்வுடை உங்களுக்கு ஈட்டித் தரும் மதிப்பில் ஒரு பங்கை, அது இல்லாதவர்க்குக் கொடுங்கள்.  வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!