கணினி விக்கினால் கடைக்கு ஓடாதீர்கள்

கிளமெண்டியில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



"கணினி விளையாட்டு தடுமாறினால் என்ன செய்வது?" என்ற தலைப்பைப் பார்த்து, இது பிள்ளைகள் சமாசாரம், நமக்கு இதில் என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் பல வீடுகளில் இது 2,000, 3,000 வெள்ளி விவகாரம். "கணினி பழசாகிவிட்டது, லேக் அடிக்கிறது, புதுசு வேண்டும்" என்கிறான் மகன். "தோற்றுப் போனதற்குச் சாக்குச் சொல்கிறான்" என்கிறார் அப்பா. இருவருமே அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. முடிவில் ஒன்று, பணம் போகிறது. இல்லையென்றால் பேச்சுவார்த்தை நின்று போகிறது. இரண்டுமே தேவையில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மூன்று நோய், ஒரே பெயர்

நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் "லேக்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். உண்மையில் அதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இணையம் தாமதமாவது ஒன்று. விளையாட்டு முழுவதுமே மந்தமாக ஓடுவது இரண்டாவது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீர் திடீரென்று விக்குவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இணையமா என்று கண்டுபிடிப்பது சுலபம். இணையமே தேவைப்படாத ஒரு விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு ஓடினால், குறை பெரும்பாலும் கணினியில் இல்லை. புதிய வீவக வீடுகளில் குடும்பப் பாதுகாப்பறையின் கான்கிரீட் சுவர் கம்பியில்லா அலையைப் பெருமளவு தடுத்துவிடும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கு வேண்டியது ஒரு நீளமான இணையக் கம்பிவடம்தான். அதற்குச் சில வெள்ளி போதும்.

அடுத்து, மந்தத்துக்கும் விக்கலுக்கும் உள்ள வேறுபாடு. தொலைக்காட்சியில் வேலை செய்பவள் என்பதால் எனக்குப் பழக்கமான கணக்கைச் சொல்கிறேன். நாங்கள் நெடுங்காலம் வினாடிக்கு 25 படம் என்ற அளவில்தான் நிகழ்ச்சிகளைத் தயாரித்தோம். திரைப்படத்துக்கு 24. யாரும் குறை சொன்னதில்லை. வினாடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டு மட்டும் ஏன் கண்ணை உறுத்துகிறது? காரணம், சீர் கெடுவது. மிருதங்கம் மெதுவாக வாசித்தால் ரசிக்கலாம். தாளம் தப்பினால் ரசிக்க முடியுமா?

வினாடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16.7 மில்லி வினாடியில் வரவேண்டும். 59 படங்கள் 15 மில்லி வினாடிக்கு ஒன்றாக வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 115 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால்? கூட்டிப் பாருங்கள், சரியாக ஒரு வினாடி. சராசரி 60 என்றே திரையில் காட்டும். ஆனால் அந்த ஒரு படத்தில் ஆட்டம் போய்விடும். அதனால் "அறுபது காட்டுகிறதே, அப்புறம் என்ன?" என்று அப்பா கேட்பதும் சரி, "விக்குகிறது" என்று மகன் சொல்வதும் சரி. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'டெக் ரிப்போர்ட்' இணையத்தளத்தில் ஸ்காட் வாசன் இந்தச் சராசரிக் கணக்கின் குறையை விளக்கி எழுதினார். ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தை அளக்கும் வழக்கம் பரவ அது ஒரு முக்கியக் காரணம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள்கள் இன்று அதைக் கோடு போட்டுக் காட்டுகின்றன. கோடு சமமாக இருந்தால் நலம். ஈட்டி மாதிரி மேலே குத்தினால் அங்கேதான் நோய்.

நம் ஊர் வெயில்

காரணங்களில் நமக்கென்றே உள்ளது வெப்பம். வெளிநாட்டு விமர்சகர் 22 டிகிரி அறையில் சோதித்துவிட்டு "குளுமையாக இயங்குகிறது" என்று எழுதுகிறார். நம் வீட்டில் பிற்பகல் வெப்பம் 32 டிகிரி. அறை 10 டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் சில்லும் ஏறக்குறைய அதே அளவு கூடும். சில் தாங்கும் எல்லையை எட்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் தடுமாறினால் முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

நம்முடைய ஈரக்காற்றில் தூசி விசிறியில் அப்பிக்கொள்ளும். பெட்டியை மேசைக்கு அடியில் அலமாரிக்குள் சொருகியிருந்தால் கேட்கவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத் தகட்டைக் கழற்றி, மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

வரிசையாகப் பாருங்கள்

தூசி தட்டியும் தீரவில்லையா? திரையின் கம்பிவடம் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் அட்டை தனியாக இருக்க, தாய்ப்பலகையில் செருகிவிட்டு "வேகமில்லை" என்று புலம்புபவர்கள் உண்டு. 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி, விண்டோஸ் அமைப்பில் 60 என்றே விட்டுவைப்பவர்களும் உண்டு. மடிக்கணினி என்றால் மின்னேற்றியைச் செருகி விளையாட வேண்டும். மின்கலத்தில் ஓடும்போது வேகம் குறையும்.

பிறகு நினைவகம். ஒரே ஒரு நினைவகத் தகடு இருந்தால் தகவல் ஒருவழிச் சாலையில் போவதுபோல. இரண்டு தகடுகளைச் சரியான துளைகளில் செருகினால் பாதை இரட்டிப்பாகும். விளையாட்டு சுழலும் பழைய வன்தட்டில் இருந்தால், புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் விக்கும். அதை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். கிராபிக்ஸ் அட்டையின் நினைவகம் நிரம்பி வழிந்தாலும் விக்கல் வரும். 'டெக்ஸ்சர்' தரத்தை ஒருபடி இறக்கினால் போதும். ஏற்றமும் இறக்கமுமாக ஓடினால், வினாடிக்கு 60 படம் என்று உச்சவரம்பு போட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் சீர் வந்துவிடும்.

சில விக்கல்களுக்கு நீங்கள் பொறுப்பே அல்ல. புது விளையாட்டு ஓர் இடத்தில் முதல்முறை விக்கி, அதே இடத்தில் மறுமுறை விக்கவில்லை என்றால், அது 'ஷேடர்' என்னும் நிரல்களை அப்போதுதான் தயாரித்துக்கொண்டிருந்தது என்று பொருள். 2022 மார்ச்சில் ஏஎம்டி நிறுவனமே ஒன்றை ஒப்புக்கொண்டது. அதன் சில ரைசன் கணினிகளில், பாதுகாப்புக்காக வைத்த டிபிஎம் என்ற அம்சமே அவ்வப்போது விக்கலை உண்டாக்கியது. தீர்வு பயாஸ் புதுப்பிப்பாக அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து வந்தது. அதற்குள் அட்டையை மாற்றிப் பணத்தை விட்டவர்களுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. ஒரு தாளில் தேதி போட்டு, மாற்றியதையும் முன்பின் அளவையும் எழுதி வையுங்கள்.

வாங்கியதே கோளாறு என்றால்

இத்தனைக்குப் பிறகும் புதுக் கணினி விக்கினால், அந்தத் தாள்தான் உங்கள் சாட்சி. 2012 செப்டம்பர் முதல் 'லெமன் லா' என்று அழைக்கப்படும் சட்டவிதிகள் இங்கே நடப்பில் உள்ளன. பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். அப்படியில்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. பழைய பொருளுக்கும் இது பொருந்தும். தகராறு தீரவில்லை என்றால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

சிங்கப்பூர் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவை உருவாக்குகிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். தூசி தட்டினால் ஓடக்கூடிய கணினி ஒன்று அந்தக் குவியலில் சேர்வது எந்த விதத்தில் நியாயம்?

பெற்றோர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும், "புதுசு வாங்கித் தரமாட்டேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். "தம்பி, திருப்புளியை எடுத்து வா, திறந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தம்பிகளே, தங்கைகளே, நீங்களும் "லேக்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எப்போது, எங்கே, எத்தனை நிமிடம் கழித்து என்று சொல்லப் பழகுங்கள். சரியாகச் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறமும் புதிது வாங்க வேண்டும் என்றால், எந்த உறுப்பு போதவில்லை என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். கிளமெண்டியில் பச்சை வழித்தட ரயில் ஏறி பூகிசில் இறங்கினால், சிம் லிம் ஸ்குவேர் நடக்கும் தூரம்தான்.