ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்?

(பாடியில் நடந்த ஊக்குநர்கள், பிரதிநிதிகள் பயிற்சியின் இரண்டாம் நாள் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பயிற்சிக்கு வர முடியாத சகோதரிகளுக்காக ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டவும்.)



திருநின்றவூர், திருமழிசை, வெள்ளவேடு பக்கமிருந்தெல்லாம் பஸ் மாறி வந்து, பாடியில் இறங்கி, இந்த வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் குழுவில் எத்தனை பேர்? பன்னிரண்டு, பதினைந்து, பதினேழு என்கிறீர்கள். இருபதுக்கு மேல் யாராவது உண்டா? இல்லை. ஏன் இல்லை?

"ரூல்ஸ் அப்படித்தாங்க" என்று அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மா சொல்கிறார். சரிதான். ரூல்ஸை விடுங்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள். ஒரு குழுவில் ஐம்பது பேர் இருந்தால் என்ன ஆகும்? வாய் உள்ள நாலு பேர் பேசுவார்கள். பின்னால் உட்கார்ந்தவர் தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் இரண்டு வாரமாக வரவில்லை என்று ஊக்குநருக்கே தெரியாது. பதினைந்து பேர் என்றால் ஒருத்தர் முகம் வாடினாலும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்து வகுப்பும் இதே மாதிரிதான். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

உங்கள் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். உள்கடன் எதற்கெல்லாம் எடுத்திருக்கிறோம்? ஆஸ்பத்திரிச் செலவு, கறவை மாடு, தையல் மிஷின். ஜூன் மாதம் வந்தால் ஸ்கூல் ஃபீஸ். ஏனம்மா இவ்வளவு கடன் வாங்கிப் பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்புகிறாய் என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? "நம்ம ஊரு ஸ்கூல்ல மொத்தமே இருபத்தஞ்சு பிள்ளைங்கதான் டீச்சர், ஈ ஓட்டுறாங்க. அந்த ஸ்கூல்ல ஒரு கிளாஸ்லயே அம்பது பேரு. சீட்டு கிடைக்கிறதே கஷ்டம்."

கூட்டம் நிற்கிற டிபன் கடையில் இட்லி நன்றாக இருக்கும் என்று நினைக்கிறோம். அது நியாயமான கணக்குதான். ஆனால் கடையில் கூட்டம் சேர்ந்தால் மாஸ்டர் இன்னொரு ஈடு ஊற்றுவார். வகுப்பில் கூட்டம் சேர்ந்தால் டீச்சர் எதை ஊற்றுவார்? அவருக்கு இருப்பது ஒரு வாய், இரண்டு கண், ஒரு பீரியட்டுக்கு 40 நிமிடம்.

அந்த 40 நிமிடத்தைப் பங்கு போட்டுப் பாருங்கள். கணக்கு எழுதுகிற உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 20 பிள்ளைகள் என்றால் தலைக்கு 2 நிமிடம். 60 பிள்ளைகள் என்றால் முக்கால் நிமிடம்கூட இல்லை. அதிலும் வருகைப் பதிவேடு எடுக்க, சண்டையை விலக்க, "தண்ணி குடிக்கப் போலாமா டீச்சர்" என்பதற்குப் பதில் சொல்லப் பாதி போய்விடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்பத்தூர்ப் பக்கம்தான் இருந்தேன். எஸ்டேட்டிலும், இங்கே பாடியில் இருக்கிற பெரிய கம்பெனிகளிலும் வேலைக்கு என்று குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்த காலம். மூன்றாம் வகுப்பில் எனக்கு 68 பிள்ளைகள். பெஞ்சு கிடையாது, தரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நடந்து போய்ப் பின்வரிசைப் பிள்ளையின் சிலேட்டைப் பார்க்க வழி இருக்காது. அந்த மாதிரி வகுப்பில் எந்த டீச்சரும் என்ன செய்வார்? கரும்பலகையில் எழுதிப் போடுவார், "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்பார். பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள். வெளியே இருந்து கேட்கிறவர்களுக்கு ஆகா, பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது என்று தோன்றும். ராகம் போடுகிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, பாடத்தின் நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து, "இது என்ன கண்ணு?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்து, அந்த வார்த்தை வரும்போது நிறுத்தும். அதற்கு எழுத்து தெரியாது, பாட்டுதான் தெரியும். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை.

வாலுப் பையன்கள் எப்படியும் டீச்சர் கண்ணில் பட்டுவிடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளும் கையைத் தூக்கித் தூக்கிப் பட்டுவிடுவார்கள். அமைதியாக இருக்கிற பிள்ளைதான் நெரிசலில் காணாமல் போகும். முக்கால்வாசி அது பெண் பிள்ளையாக இருக்கும். வருஷம் முழுக்க வந்து போகும், யாருக்கும் தொந்தரவு கொடுக்காது, எழுத்தும் வராது.

நெரிசல் உயிருக்கும் ஆபத்து. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைத் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோமே, மறக்க முடியுமா? குறுகலான படிக்கட்டு, மாடியில் அடைத்து வைத்த பிள்ளைகள். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது வகுப்பைப் பார்க்கிற மாதிரி வாசலையும் படிக்கட்டையும் பாருங்கள்.

பிள்ளைகள் அதிகம், வாத்தியார் குறைவு என்பது நேற்று வந்த சிக்கல் இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒரு பெரிய பையன் இருப்பானே, வாத்தியாருக்குப் பதிலாகச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வான். அந்தச் சட்டாம்பிள்ளை சீமைக்கே போயிருக்கிறார் தெரியுமா? 1789-ல் எழும்பூரில் அனாதைப் பையன்களுக்கான ஒரு விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒரு நாள் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் தெரிந்த பையன்களை வைத்துத் தெரியாத பையன்களுக்குச் சொல்லித்தர வைத்தார். ஊருக்குத் திரும்பிப் போய் 1797-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் கிட்டத்தட்ட இதே முறையில் ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஸ்காட்லாந்தில் பெல் விட்டுப்போன பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா தம்பிக்குச் சொல்லித்தருவது நல்ல பழக்கம், சொல்லித்தருகிற பிள்ளைக்கும் பாடம் ஏறும். அதைச் சாக்காக வைத்து டீச்சர் போடாமல் மிச்சம் பிடிப்பது வேறு விஷயம். அந்தக் காலத்தில் பலருக்கும் அது பிடித்துப்போனதற்குச் செலவு குறைவு என்பதும் ஒரு காரணம்.

சரி, பிள்ளைகள் குறைந்தால் படிப்பு கூடுமா? அமெரிக்காவில் டென்னசி என்ற மாநிலத்தில் 1985 முதல் நாலு வருஷம் இதைச் சோதித்தார்கள். நாம் சீட்டு குலுக்கிப் போடுகிற மாதிரி, பிள்ளைகளையும் டீச்சர்களையும் குலுக்கிப் பிரித்தார்கள். சில வகுப்பில் 13 முதல் 17 பிள்ளைகள், சிலவற்றில் 22 முதல் 25. இன்னும் சில பெரிய வகுப்புகளில் டீச்சருக்கு ஒரு உதவியாள். சின்ன வகுப்பில் இருந்த பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னால் போனார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கூடுதல் பலன். உதவியாள் போட்ட வகுப்பில் அப்படி ஒன்றும் பெரிய மாற்றம் இல்லை. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்குத்தான் டீச்சரின் அந்த 2 நிமிடம் பெரிய சொத்து.

ஆனால் நம் நாட்டில் நடந்த இன்னொரு சோதனையையும் சொன்னால்தான் கணக்கு நேராகும். 2001 வாக்கில் வதோதரா, மும்பை அரசுப் பள்ளிகளில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் "பால்சகி" என்று ஒரு திட்டம் நடத்தியது. பிள்ளைகளின் தோழி என்று அர்த்தம். பள்ளிப் படிப்பு முடித்த, அதே பகுதியைச் சேர்ந்த பெண்கள், நம்மைப் போன்றவர்கள்தான். படிப்பில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். வகுப்பில் மீதி இருந்தவர்களுக்கும் அந்த நேரத்தில் கூட்டம் குறைந்ததே, அவர்களுக்கு என்ன ஆனது? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் எப்போதும் நடத்துகிற மாதிரியே நடத்தினார்.

இதைக் கேட்டதும் சிலர், "அப்போ எண்ணிக்கை முக்கியம் இல்லை, டீச்சர்தான் முக்கியம்" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கூட்டம் குறைந்தால் டீச்சருக்குக் கை ஓயும். ஓய்ந்த கையை வைத்து ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் பார்த்தால் படிப்பு வரும். கூட்டம் இருந்தால் பார்க்க நினைத்தாலும் முடியாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பிரச்சினை வேறு மாதிரி. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 121 முதல் 200 வரை 5. ஆறு முதல் எட்டு வகுப்புக்கு 35 பிள்ளைக்கு ஒருவர்.

நன்றாகக் கவனியுங்கள். 40 பிள்ளைகளுக்கு 2 டீச்சர் என்றால் தலைக்கு 20. தாராளம்தான். ஆனால் அந்த இருவருக்கும் ஐந்து வகுப்பு! ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பி மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்ல வேண்டும். ஒருவர் லீவு என்றால் மொத்தமும் ஒருவர் தலையில். இதைச் சமாளிக்கத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பித்தது. அட்டை எடுத்து, ஏணிப்படியில் தன் இடத்தைத் தானே பார்த்து, குழுக் குழுவாக உட்கார்ந்து படித்தார்களே, உங்களில் சிலர் பிள்ளைகள் அப்படிப் படித்திருப்பார்கள். பிறகு மாநிலம் முழுக்கப் போனது. 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைக்குத் தெரிந்த அளவைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். இரண்டிலும் உள்ள யோசனை ஒன்றுதான். எந்த வகுப்பு என்று பார்க்காதே, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார். (அட்டை, பதிவேடு எழுதியே டீச்சருக்கு நேரம் போகிறது என்ற குறையும் உண்டு. அதுவும் உண்மைதான்.)

அடுத்து, 60க்கும் 61க்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் 62 பிள்ளைகள், 3 டீச்சர் என்று வையுங்கள். மூன்று தாய்மார்கள் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினால் 59. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு 1 நிலவரப்படிதான் பணியிடம் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு டீச்சர் உபரி ஆகிவிடுவார், பணி நிரவலில் வேறு ஊருக்குப் போவார். மிச்சம் உள்ள பிள்ளைகளுக்கு ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் மாற்றுவார்கள். கடைசியில் அங்கே இருப்பது யார் பிள்ளை? ஃபீஸுக்குக் கடன்கூட வாங்க முடியாதவர் பிள்ளை. அவரும் நம் குழுவில்தான் இருக்கிறார்.

நான் யாரையும் தனியார் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் பிள்ளை, உங்கள் பணம். கடன் மனு எழுதுவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்குப் போய் மூன்று விஷயம் கேட்டுவிட்டு எழுதுங்கள். இந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? டீச்சர் என்ன படித்தவர், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்? நோட்டைக் காட்டுங்கள், திருத்திய சிவப்பு மை இருக்கிறதா பார்க்கிறேன். கேட்க வெட்கப்பட வேண்டாம். ஒரு மாட்டை வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோமே!

ஊர்ப் பள்ளியில் உங்களுக்கு உரிமையே இருக்கிறது. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அங்கே போய், "எத்தனை டீச்சர் இருக்காங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள், ஏட்டுக் கணக்குதான் பதிலாக வரும். "நேத்து பதினோரு மணிக்கு ரெண்டாம் வகுப்புல யார் இருந்தாங்க?" என்று கேளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிர வேறு வெளி வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் கிராமப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் வந்ததிலிருந்து அங்கே சமைப்பது நம் குழுப் பெண்கள்தான். எத்தனை தட்டு கழுவுகிறீர்கள் என்பது பதிவேட்டைவிடச் சரியான கணக்கு. அதை மேலாண்மைக் குழுவில் சொல்லுங்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு சகோதரி எழுந்து கேட்கிறார். "எங்க ஊர்ல பதினோரு பிள்ளைங்கதான் இருக்காங்க. கம்மின்னா நல்லதுன்னு சொல்றீங்களே, அப்போ எங்க ஸ்கூல்தானே முதல்ல நிக்கணும்?"

நல்ல கேள்வி. இல்லைம்மா. ரொம்பக் குறைந்தாலும் சோர்வுதான். ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளை என்றால் விளையாட ஆள் இல்லை, கேள்வி கேட்டால் இன்னொரு மாதிரி பதில் சொல்ல ஆள் இல்லை, டீச்சருக்கும் உற்சாகம் போய்விடும். என் அனுபவத்தில் ஒரு வகுப்பில் இருபதை ஒட்டி இருந்தால் நன்றாக ஓடும். உங்கள் ஊரில் ஐந்து வயது ஆகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று அங்கன்வாடி அம்மாவிடம் கேளுங்கள். அந்தத் தாய்மார்களில் பாதிப் பேர் உங்கள் குழுவிலும் பக்கத்துக் குழுவிலும்தான் இருப்பார்கள். ஒருவர் மட்டும் சேர்த்தால் பயமாக இருக்கும். ஏழெட்டுப் பேர் பேசி வைத்துக்கொண்டு, மே மாதமே தலைமை ஆசிரியரைப் பார்த்து, ஒரே நாளில் சேருங்கள். ஆகஸ்டு 1-க்குள் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

மணி நாலாகப் போகிறது. ஷிப்ட் விட்டுவிட்டால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.